வேனுக்குள் வீடு, வெளியே ஜெனரேட்டர்

வாசகர் கேள்வி-பதில்

வேனையே வீடாக மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் டெல்டா மாவட்டங்களிலும் கூடிவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளில் கரண்ட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில் சொல்பவர்கள் எங்கள் மின்சாதன, இன்ஜின் பகுதி எழுத்தாளர்கள்.

மன்னார்குடி வாசகர்: டிராவலர் வேன் ஒன்றை வாங்கிக் கட்டில், சமையல் மேடை, 1 டன் இன்வெர்ட்டர் ஏ.சி., 190 லிட்டர் ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துவிட்டோம். மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பும் உண்டு. 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். 2 கே.வி.ஏ. போதும் என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான், வேறு யாருடைய வேனுக்காவது. உங்கள் வேனுக்கு எது என்பதைக் கடைக்குப் போகும் முன் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

1 டன் இன்வெர்ட்டர் ஏ.சி. குளிர்ந்த பிறகு 400 முதல் 600 வாட்டில் ஓடும். ஆனால் சித்திரை வெயிலில் நின்ற தகர வேனைக் குளிர வைக்கும்போது 1,200 வாட் வரை இழுக்கும். வேனுக்கு அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜ் ஓடும்போது 130 வாட். விளக்கு, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, செல்போன், லேப்டாப் எல்லாம் சேர்த்து 200 வாட். பேட்டரி சார்ஜர் 30 ஆம்பியர் என்றால் இழுப்பது ஏறத்தாழ 500 வாட். இதுவரை 2,030 வாட். மிக்ஸி 750 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். எல்லாவற்றையும் கூட்டினால் 4,800 வாட்டைத் தொடுகிறது. கடைக்காரர் 5 கே.வி.ஏ. என்றது இந்தக் கூட்டலைப் பார்த்துத்தான்.

ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமா? மிக்ஸி மூன்று நிமிடம் ஓடும்; அந்த மூன்று நிமிடம் ஏ.சி.யையோ சார்ஜரையோ நிறுத்தி வைக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு வையுங்கள். பெட்ரோலை எரித்துக் கரண்ட் எடுத்து, அதிலிருந்து மறுபடி சூடு எடுப்பது காசைக் கரைக்கும் வழி. சூடு கொடுக்கும் எந்தச் சாதனத்துக்கும், கெட்டில், அயர்ன் பாக்ஸ், கீசர் உட்பட, இதே பேச்சுதான்.

இப்படிக் கழித்தால் மிஞ்சுவது 2,000 வாட் சொச்சம். ஜெனரேட்டரின் தொடர் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் நெடுநேரம் ஓட்டக் கூடாது. ஆகவே தொடர் திறன் 2,500 முதல் 2,800 வாட் உள்ள இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், அதாவது கடையில் 3 கே.வி.ஏ. என்று சொல்லும் ரகம், உங்களுக்குப் பொருந்தும். பெட்டி மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ‘மேக்சிமம்’ திறன். அது சில நிமிடங்களுக்கு மட்டும். பின்பக்கத் தகட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் ‘ரேட்டட்’ எண்ணைப் பாருங்கள். அங்கும் வாட்டா, கே.வி.ஏ.வா என்று கவனியுங்கள். பவர் ஃபேக்டர் (கே.வி.ஏ.வை வாட்டாக மாற்றப் பெருக்கும் எண்) 0.8 என்று போட்டிருந்தால் 3 கே.வி.ஏ. என்பது 2,400 வாட்தான்.

5 கே.வி.ஏ. திறந்த ஃபிரேம் ஜெனரேட்டர் 80, 90 கிலோ இருக்கும். ராத்திரி ஃபிரிட்ஜும் ஃபேனும் மட்டும் ஓடும்போதும் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்காது. பெட்ரோல் வீண், சத்தம் தலைவலி. இன்வெர்ட்டர் வகையில் லோடு குறைந்தால் இன்ஜின் வேகமும் குறையும். வெளியே வரும் 50 ஹெர்ட்ஸை எலக்ட்ரானிக் சர்க்யூட் தயாரிக்கிறது.

மைத்துனர் பேச்சிலும் ஒரு வழி இருக்கிறது. ஒரே மாடல் 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் இரண்டை, அந்தக் கம்பெனியே தரும் பேரலல் கேபிளால் இணைக்கலாம். ஒன்று சுமார் 21 கிலோ. ஒரு ஆளே தூக்கலாம். மார்கழியில் ஒன்றே போதும், சித்திரையில் இரண்டு. விலைதான் கூடும். சாதாரண ஜெனரேட்டர் இரண்டை இப்படி இணைக்கவே கூடாது. அலைகள் ஒத்துப்போகாமல் இரண்டும் எரியும்.

பெட்ரோல் கணக்கு: நல்ல லோடில் ஒரு யூனிட் கரண்டுக்கு அரை லிட்டரிலிருந்து 0.7 லிட்டர் வரை ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் யூனிட் 50 முதல் 70 ரூபாய். ஏ.சி. எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று வீட்டில் பேசும்போது இந்த எண்ணையும் சொல்லிவிடுங்கள்.

கும்பகோணம் வாசகர்: என்னிடம் இருப்பது 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். வேனில் பழைய 1 டன் ஏ.சி. (இன்வெர்ட்டர் வகை அல்ல). கம்ப்ரசர் ‘ஊம்’ என்று முனகியதுமே ஓவர்லோடு சிவப்பு விளக்கு எரிந்து கரண்ட் நின்றுவிடுகிறது. பக்கத்து மண்டபத்தில் இருந்த பழைய 3 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் இதே ஏ.சி. ஓடியது. விலை அதிகம் கொடுத்தது வீணா?

வீண் இல்லை. ஓடும்போது 5 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரசர், கிளம்பும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 25 ஆம்பியர் கேட்கும். சாதாரண ஜெனரேட்டர் அப்போது வோல்டேஜைக் கீழே விட்டு, விளக்கை மங்க வைத்து, தள்ளாடி எழுந்துவிடும். அதன் கனமான சுழலும் பாகமும் கை கொடுக்கும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் கரண்ட் செமிகண்டக்டர் வழியே வருகிறது. எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது உடனே துண்டித்துவிடும்.

செய்ய வேண்டியவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறோம். ஈகோ சுவிட்சை அணைத்து, இன்ஜின் முழு வேகத்துக்கு வந்த பிறகு ஏ.சி.யைப் போடுங்கள். ஈகோவில் மெதுவாக ஓடும் இன்ஜினுக்கு வேகம் பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. ஃபிரிட்ஜும் சார்ஜரும் பிறகு. ஒருமுறை ட்ரிப் ஆனால் மூன்று நிமிடம் பொறுங்கள். கேஸ் அழுத்தம் இரு பக்கமும் சமமாகாமல் மறுபடி போட்டால் கம்ப்ரசர் இன்னும் மோசமாகத் திணறும்.

அடுத்து ரன் கெப்பாசிட்டர். ஏ.சி. வெளி யூனிட்டில் உருளையாக இருக்கும், மேலே 25 அல்லது 35 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருக்கும். எழுதியதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலை. அணைத்த பின்னும் அதில் சார்ஜ் நிற்கும் என்பதால் மெக்கானிக்தான் தொட வேண்டும். வெளி யூனிட்டின் கண்டென்சர் பட்டைகளில் அறுவடைத் தூசியும் உமியும் அடைத்திருந்தாலும் அழுத்தம் ஏறிக் கிளம்புவது கடினமாகும். தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள்.

கேபிளையும் பாருங்கள். 1 சதுர மி.மீ. ஒயரில் 20 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் போனாலே 7 வோல்ட் வரை குறையும். 25 ஆம்பியர் கேட்கும் நொடியில் 18 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் செம்பு ஒயர் என்றால் 10 ஆம்பியருக்குக் குறைவது 3 வோல்ட்தான். மிச்சத்தைச் சுருளாக விட்டு ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு தங்கி மேலுறை உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

இவை எல்லாம் செய்தும் நிற்கவில்லை என்றால் கம்ப்ரசருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடலாம். தொடக்கக் கரண்டை அரைப் பங்குக்கும் கீழே கொண்டுவரும். எங்களைக் கேட்டால், அந்தப் பணத்தைப் பழைய ஏ.சி.யில் போடுவதைவிட இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கச் சேர்த்து வைப்போம். அது மெல்ல வேகம் பிடிப்பதால் இந்தப் பிரச்சினையே வராது.

நாகப்பட்டினம் வாசகர்: வேனுக்குப் பின்னால் இரும்புப் பெட்டி பற்ற வைத்து அதற்குள் ஜெனரேட்டரை வைத்து, ராத்திரி ஏ.சி. போட்டுத் தூங்கலாமா? வேளாங்கண்ணித் திருவிழா நாட்களில் பக்கத்தில் வைக்க இடமே கிடைப்பதில்லை.

கூடாது.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தள்ளாட்டம். தூங்குகிறவருக்கு இவை எதுவும் தெரியாது. பெட்ரோல் புகை மணக்கவில்லை, ஆகவே பயமில்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

வேனின் தரையில் ஒயர் போகும் துளை, பெடல் ஓட்டை, பின்கதவின் தேய்ந்த ரப்பர் பீடிங் என்று உள்ளே வர எத்தனையோ வழி. பின்னால் பற்ற வைத்த பெட்டி சைலன்சர் வாயை அந்த ஓட்டைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. போதாததற்கு, பெட்டிக்குள் காற்றோட்டம் இல்லாமல் இன்ஜினும் கொதிக்கும்.

ஜெனரேட்டர் வேனிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சைலன்சர் வாய் வேனுக்கும் பக்கத்து வேனுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். வேனோடு சேர்த்துக் கட்டிய தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே வைப்பது உள்ளே வைப்பதற்குச் சமம். கடற்கரைப் பக்கம் இன்னொரு சிக்கல்: பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று ராத்திரியில் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். சாயங்காலம் சரியாக இருந்த இடம் நடுராத்திரியில் புகையை உங்கள் ஜன்னலுக்கே கொண்டுவரும். ஆகவே தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடவே கூடாது என்பது எங்கள் கருத்து. படுக்கும் முன் பேட்டரியை நிரப்பி, ராத்திரிக்கு ஃபேன். இடமே இல்லாத திருவிழா நாட்களில் வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்துங்கள், அல்லது ஜெனரேட்டர் இல்லாமல் போங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கைத் தலைமாட்டில் கட்டாயம் மாட்டுங்கள். புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, இரண்டும் வேறு வேறு சாதனம். இ.என். 50291 என்ற ஐரோப்பியத் தரம் போட்ட அலாரம் 300 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு) அளவில் மூன்று நிமிடத்துக்குள் கத்த வேண்டும். கத்தினால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் எல்லோரையும் வெளியே இறக்குங்கள். ஜெனரேட்டரை அணைப்பது அதற்குப் பிறகு.

மழையில் ஓட்டுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான்கு குச்சி நட்டு மேலே மட்டும் தகடு, நான்கு பக்கமும் திறப்பு. அதற்கு மேல் மூடினால் இந்தப் பதிலின் முதல் பத்தியைத் திரும்பப் படிக்கவும். அதில் ஒரு சொல்தான்.

தஞ்சாவூர் வாசகர்: 2,800 வாட் ஜெனரேட்டரோடு ஊட்டிக்குப் போகிறோம். அங்கும் அதே திறன் கிடைக்குமா?

கிடைக்காது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.5 சதவீதம் குறையும். ஊட்டி 2,240 மீட்டர். கால் பங்குக்கு மேல் போய், 2,000 வாட்டுக்குச் சற்று மேலேதான் மிஞ்சும். காற்று மெலிந்து பெட்ரோல் விகிதம் கூடுவதால் கரும்புகையும் பிளக்கில் கரியும் வரும். இரண்டு நாள் பயணத்துக்கு கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. ஏ.சி. அங்கே தேவைப்படாது என்பதால் இருப்பதே போதும். 3,000 வாட் கீசரை மட்டும் தொடாதீர்கள்.

திருவாரூர் வாசகர்: ஜெனரேட்டர் ஓடும்போது டெஸ்டர் வைத்தால் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் விளக்கு எரிகிறது. ஈரத் தரையில் நின்று வேன் கதவைத் தொட்டால் சுருக்கென்கிறது. கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டிருக்கிறோம், அது ட்ரிப் ஆவதும் இல்லை. ஒயரிங் தப்பா?

ஒயரிங் தப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டெஸ்டர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

மின்வாரிய இணைப்பில் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் பூமியோடு கட்டப்பட்டிருக்கும். கையில் தூக்கும் ஜெனரேட்டரில் பெரும்பாலும் அப்படிக் கட்டுவதில்லை. இரண்டு கம்பியும் மிதக்கும். இன்வெர்ட்டர் வகையில் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களால் ஒவ்வொரு கம்பிக்கும் ஃபிரேமுக்கும் இடையே பாதி வோல்டேஜ், அதாவது 115 வோல்ட் போல, மீட்டரில் தெரியும். டெஸ்டர் இரண்டிலும் எரிவது இதனால்தான். கதவில் சுருக்கென்பதும் அந்த கெப்பாசிட்டர் கசிவாக இருக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு சாதனத்தின் உள்ளே இன்சுலேஷன் போயிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அதனால் அலட்சியம் வேண்டாம்.

ஆர்.சி.சி.பி. ஏன் சும்மா இருக்கிறது? பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பாமல் வேறு வழியாகப் போனால்தான் அது விழும். நியூட்ரல் மிதக்கும்போது அந்த வேறு வழி ஜெனரேட்டருக்குத் திரும்பி வந்து முடிவதில்லை. முதல் கோளாறு ஆபத்தில்லாமல் போகும். இரண்டாவது சாதனத்தில் மறு கம்பி பாடியைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் இரண்டு இரும்புக்கும் நடுவே இருக்கும்.

சரிசெய்யும் முறை: ஜெனரேட்டரில் இரண்டு சாக்கெட் இருந்தால் ஒன்றில் பாண்டிங் பிளக் செருகுங்கள். அதற்குள் நியூட்ரல் பின்னும் எர்த் பின்னும் 2.5 சதுர மி.மீ. ஒயரால் இணைக்கப்பட்டிருக்கும், பேஸ் பின் காலி. ‘ஜெனரேட்டருக்கு மட்டும்’ என்று பெயின்டில் எழுதி வையுங்கள். வீட்டு சாக்கெட்டில் செருகக் கூடாத பொருள் அது. உங்கள் மாடலின் கையேடு இதை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். இரண்டு ஜெனரேட்டரை இணைத்து ஓட்டினாலும் பாண்டிங் ஒன்றில் மட்டும். பிறகு கேபிளின் எர்த் ஒயர், வேனின் சேஸிஸில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல வேன்களில் இந்த ஒரு இணைப்புதான் விட்டுப்போகிறது. கடைசியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன் மட்டும் போதாது. நியூட்ரல் மிதந்தாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். சாக்கெட்டில் செருகிச் சோதிக்கும் ஆர்.சி.டி. டெஸ்டர் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும், அதில் விழுகிறதா என்று பாருங்கள்.

நியூட்ரல்-எர்த் இணைப்பை வேனின் டி.பி. பெட்டிக்குள் (கரண்டைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் பெட்டி) நிரந்தரமாகப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு அதே வேனை ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கரண்டில் செருகும்போது நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு எர்த்தில் ஓடும். அவர்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும்.

பட்டுக்கோட்டை வாசகர்: வேனில் வீட்டு இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் வைத்திருக்கிறோம். ஜெனரேட்டரைப் போட்டாலும் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்க மறுக்கிறது. ஏற்கும்போதும் ஆறு, ஏழு மணி நேரம் ஆகிறது.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ். நிலையில் பெரும்பாலும் 180 முதல் 260 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஏற்கும், அதிர்வெண் ஆடினாலும் தள்ளிவிடும். நார்மலுக்கு மாற்றுங்கள், முதல் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். சாதாரண ஜெனரேட்டர் என்றால் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் வரை இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவதுதான் நிஜமான சிக்கல். 150 ஏ.எச். பேட்டரியில் பாதியைச் செலவழித்தால் 75 ஏ.எச். இழப்பைச் சேர்த்து 90 ஏ.எச். திருப்பிப் போட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் 15 ஆம்பியர்தான் கொடுக்கும், ஆக ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் ஜெனரேட்டர் 250 வாட்டுக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல் போய், திரும்பக் கிடைப்பது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. கூடவே குறைந்த லோடில் நெடுநேரம் ஓடும் இன்ஜினில் கரியும் படியும். டியூபுலருக்கு 40 ஆம்பியர் சார்ஜர் போட்டு அவசரப்படுத்தவும் முடியாது. சூடாகி, தண்ணீர் வற்றி, ஆயுள் குறையும்.

100 ஏ.எச். லித்தியம் (எல்.எஃப்.பி.) பேட்டரியும் 50 ஆம்பியர் சார்ஜரும் வைத்தால் ஜெனரேட்டர் 800 வாட் லோடில் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும், ஏறத்தாழ ஒரு லிட்டர். 12.8 வோல்ட்டில் 1,280 வாட்-மணி. அதில் 80, 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். 50 ஆம்பியர் சார்ஜை அனுமதிக்கிறதா என்று மட்டும் பேட்டரி தகட்டில் பார்த்து வாங்குங்கள். ஓட்டும்போதே வேன் இன்ஜினின் கரண்டிலிருந்து நிரப்ப 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜரும் போட்டால், திருச்சியிலிருந்து வேதாரண்யம் போய்ச் சேரும் நான்கு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். பல பயணங்களில் ஜெனரேட்டரை இறக்க வேண்டியே வராது.

கூரையில் 400 வாட் சோலார் பங்குனியில் ஒன்றரை யூனிட் வரை தரும். ஐப்பசி, கார்த்திகையில் அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

டியூபுலர் பேட்டரி கட்டிலுக்கு அடியில் இருந்தால் இப்போதே இடம் மாற்றுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். வெளியே காற்றுக் குழாய் உள்ள தனிப் பெட்டியில்தான் அது இருக்க வேண்டும்.

மயிலாடுதுறை வாசகர்: நாலு மாதம் நெல் மூட்டைக் கொட்டகையில் கிடந்த ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. கயிறு இழுத்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

இழுப்பதை நிறுத்திவிட்டு ஆயிலைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலோ, ஜெனரேட்டர் சாய்ந்து நின்றாலோ, லோ-ஆயில் சென்சர் தீப்பொறியை வெட்டிவிடும். வயல் களிமண்ணில் ஓட்டும்போது அதிர்வில் ஒரு கால் புதைந்து தானாக நிற்பதும் இதனால்தான். அடியில் பலகை போடுங்கள். அடுத்து பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு ‘ஆன்’ பக்கம் இருக்கிறதா? மூடியிருந்தால் ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடத்தில் நிற்கும்.

இவை சரி என்றால் பழி பெட்ரோல் மேல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். டெல்டாவின் ஐப்பசி ஈரத்தில், பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். மிச்சப் பெட்ரோல் கார்பரேட்டரில் பிசினாகும். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் வடியுங்கள். அடியில் கோலி போல உருளும் துளிகள் தண்ணீர். டேங்கை முழுவதும் காலி செய்து புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். அப்படியும் ஆகவில்லை என்றால் கிண்ணத்தைக் கழற்றி மெயின் ஜெட்டை கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெட்டுவிடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை இழுத்தும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை. கொட்டகை என்றதால் இன்னும் இரண்டு: சைலன்சர் வாயில் குளவி கூடு கட்டியிருக்கும், இக்னிஷன் ஒயரை எலி கடித்திருக்கும்.

இனி ஒரு மாதத்துக்கு மேல் எடுத்து வைப்பதானால், டேங்கை வடித்துவிட்டு, பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். ஜெனரேட்டரைப் புதிதாக வாங்கினால் ஆயிலை முதல் 20 மணி நேரத்திலும் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தினமும் பார்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, நாலு சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். வைக்கோல் போர் பக்கத்தில் மட்டும் ஓட்டவே வேண்டாம். சைலன்சர் சூட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் போதும்.

சீர்காழி வாசகர்: கேனில் எவ்வளவு பெட்ரோல் கொண்டுபோகலாம்?

விற்பனைக்கு இல்லாமல், உரிமம் இல்லாமல் மொத்தம் 30 லிட்டர் வரை பெட்ரோலிய சட்டம் அனுமதிக்கிறது. இறுக மூடும் உலோகக் கேன், ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மிகாமல். தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கேன் எதுவும் கூடாது. கேனில் ஊற்ற மறுக்கும் பங்க்குகளும் உண்டு. பயணத்துக்கு 10 லிட்டரே போதும். ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்காதீர்கள். கேன் வாய் வரை நிரப்பாமல் சற்று இடம் விடுங்கள். ஜெனரேட்டரை அணைத்து 15 நிமிடம் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும்.

பாபநாசம் வாசகர்: சத்தத்துக்குச் சட்டம் ஏதாவது உண்டா? பக்கத்து வேன்காரர் சண்டைக்கு வருகிறார்.

உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். எந்தப் பெட்ரோல் ஜெனரேட்டரும் பக்கத்தில் இருந்தால் இந்த இரவு அளவுக்குள் அடங்காது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் அதிர்வுச் சத்தம் குறையும். மரப்பெட்டி செய்து மூடுவது இன்ஜினைக் கொல்லும் வழி. குளக்கரையில் சைலன்சர் தண்ணீரைப் பார்த்து இருந்தால் சத்தம் எதிர்க்கரை வரை போகும், திருப்பி வையுங்கள். கோடியக்கரை போல வன உயிரினச் சரணாலயம் பக்கம் போகிறவர்கள் பேட்டரியோடு மட்டும் போங்கள். பக்கத்து வேன்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

வேதாரண்யம் வாசகர்: புயல் நேரத்தில் வேனின் 3 கே.வி.ஏ. ஜெனரேட்டரை வீட்டுக்குப் பயன்படுத்த நினைக்கிறோம். இரண்டு பக்கமும் பிளக் உள்ள ஒயரை வீட்டு சாக்கெட்டில் செருகினால் போதும் என்கிறார்கள்.

2018 நவம்பர் 16-இல் கஜா கரை கடந்த பிறகு உங்கள் ஊர் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது உங்களுக்கே தெரியும், ஆசை புரிகிறது. ஆனால் அந்த ஒயரைச் செய்யாதீர்கள். ஒரு பக்கம் செருகியதும் மறுபக்கப் பின்கள் கையில் 230 வோல்ட். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறி, டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, கம்பம் நட்டுக்கொண்டிருக்கும் லைன்மேன் கைக்குப் போகும். மின்வாரியக் கரண்ட் திடீரென்று வந்தால் ஜெனரேட்டரும் எரியும்.

மீட்டருக்கும் டி.பி.க்கும் நடுவே 32 ஆம்பியர் இரண்டு போல் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மின்வாரியம், நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். பேஸும் நியூட்ரலும் இரண்டுமே மாற வேண்டும். இந்த அமைப்பில் வீட்டு எர்த் பைப்பை ஜெனரேட்டர் ஃபிரேமோடு இணைத்து, பாண்டிங் பிளக்கை ஜெனரேட்டரில் வைக்க வேண்டும். வீடு மூன்று பேஸ் என்றால் ஒரு பேஸின் லோடுகள் மட்டும்தான் ஓடும். மூன்று பேஸ் போர் மோட்டார் இதில் ஓடாது. 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 1,100 வாட், கிளம்பும்போது அதைப் போல ஐந்து மடங்கு. சாதாரண 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வேறு எதுவும் ஓடாதபோது தூக்கலாம். இன்வெர்ட்டர் வகை பெரும்பாலும் தூக்காது. அரை எச்.பி. மோட்டார் என்றால் பிரச்சினை இல்லை.

புயல் எச்சரிக்கை வந்ததும் ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் லோடோடு ஓட்டிப் பாருங்கள், ஆயிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கும் வாங்கி வையுங்கள். காற்று அடிக்கும்போது திண்ணையில், ஜன்னலை ஒட்டி வைத்து ஓட்டாதீர்கள். வேனுக்குச் சொன்ன 6 மீட்டர் வீட்டுக்கும் பொருந்தும். காற்று அடங்கும்வரை டார்ச்.